வேண்டுதலும் அன்பும்: ஸ்பானிய ‘கெரேர்’ வினையை முன்வைத்து ஒரு நோக்கு

முத்துக்குளித்துறையில் சமயப்பணி ஆற்றிவந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தம் உடன்பணியாளரான பிரான்சிஸ்கோ மான்சில்யாசுக்கு 1544-ஆம் ஆண்டில் எழுதிய கடிதங்களுள் ஒன்றில் ஒரு சிறு மொழித்திருத்தம் காணப்படுகிறது. பரதவ மக்களுக்குக் கற்பிக்கப்பட்ட விசுவாச அறிக்கையின் தமிழாக்கத்தில் ‘எனக்கு வேணும்’ என்றொரு தொடர் இருந்தது. அதிலுள்ள ‘வேணும்’ என்பதை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை அவ்விடத்தில் வைக்குமாறு சவேரியார் பணிக்கிறார். ‘வேணும்’ என்பதற்கு ‘விரும்புகிறேன்’ என்றே பொருள். கடவுளை நம்புகிறேன் என்பதே சொல்லத்தக்கது என்பது அவர் கூறும் காரணம். அதே இடத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. ‘வன்பினாலே’ என்று படிக்கத்தக்க ஒரு சொல்லை விட்டுவிடுமாறு கூறுகிறார். அச்சொல் வலிந்து நிகழ்ந்ததைக் குறிக்கும். கிறித்துவோ தம் விருப்பத்தோடு பாடுபட்டார் என்பது அதற்குரிய விளக்கம்.

சமய மொழிபெயர்ப்பு வரலாற்றில் இது ஒரு பிழைத்திருத்தமாக மட்டுமே பேசப்படுகிறது. எனினும் இதனுள் ஒரு மெய்யியற் சிக்கல் பொதிந்துள்ளது. அன்பு என்பது வேண்டுதலா? ஒருவரை ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்வதும் அவர்மீது அன்புடையேன் என்று சொல்வதும் ஒன்றாகுமா? சவேரியார் பிறந்த நவாரா நாட்டை உள்ளடக்கிய ஸ்பெயினின் பெருமொழி, ‘ஆகும்’ என்றே இதற்கு விடை கூறுகிறது. (அவருடைய தாய்மொழி பாஸ்க் மொழி என்பதை அவரே ஒரு கடிதத்தில் குறித்துள்ளார், எழுதியவையோ பெரும்பாலும் ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் ஆகும்.) தமிழும் அவ்வாறே விடை கூறுகிறது, ஆனால் வேறு வழியில். இவ்விரு விடைகளையும் ஒப்பிட்டு, வேண்டுதல் எந்நிலையில் அன்பாகிறது, எந்நிலையில் அன்பாகாமற்போகிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்பானிய மொழியில் அன்பைத் தெரிவிக்கும் தொடர்களுள் இரண்டு தலைமையானவை. ஒன்று ‘தே ஆமோ’. மற்றொன்று ‘தே கியேரோ’. முன்னது ‘அமார்’ என்னும் வினையினின்று பிறப்பது. இலத்தீன் மொழியின் காதல்வினையே சற்றும் சிதையாமல் வந்துள்ளது. பின்னது ‘கெரேர்’ என்னும் வினையினின்று பிறப்பது. இவ்வினையின் மூலமாகிய இலத்தீன் ‘க்வைரெரெ’ தேடுதல், வினாவுதல் என்னும் பொருள்களை உடையது. தேடுதல் விரும்புதலாயிற்று, விரும்புதல் அன்புசெய்தலாயிற்று. இன்றும் கடைக்காரரிடம் தண்ணீர் கேட்பவர் ‘கியேரோ அகுவா’ என்கிறார். தாய் மகளிடம் ‘தே கியேரோ’ என்கிறாள். வினை ஒன்றே. நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடுவதும் உண்டு. ஸ்பெயினில் காதலர்களும் இயல்பாகத் ‘தே கியேரோ’ என்கின்றனர். ‘தே ஆமோ’ அங்குச் சற்றுக் கனத்த, சடங்குத்தன்மை வாய்ந்த தொடராக ஒலிக்கிறது. மெக்சிகோ முதலிய நாடுகளில் நண்பர்க்கும் உறவினர்க்கும் முன்னது, காதலர்க்கும் வாழ்க்கைத் துணைவர்க்கும் பின்னது என்னும் பாகுபாடு வலுவாக உள்ளது. இவற்றுள் எது உயர்ந்தது என்று அயலார் எழுப்பும் வினாவுக்கு ஒரே விடை கிடையாது.

அயலார் இவ்வேறுபாட்டை இழக்கும் இடம் மொழிபெயர்ப்பு. பாப்லோ நெருடா 1924-இல் வெளியிட்ட இருபது காதற்கவிதைகளின் தொகுப்பில் இறுதியாக நிற்கும் இருபதாம் கவிதையை நம் வாசகர்கள் நன்கறிவர். பிரிவைப் பேசும் அக்கவிதையில் அவளை விரும்பியது, அவள் விரும்பியது, இப்போது விரும்பாதது, ஒருவேளை இன்னும் விரும்புவது ஆகிய அனைத்தும் ‘கெரேர்’ வினையாலேயே சொல்லப்படுகின்றன. ‘அமார்’ வினை ஒரே ஒருமுறை வருகிறது. அதுவும் அவளுடைய கண்களைப் பற்றி. ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரே வினையால் பெயர்க்கிறது. ஆங்கில வழியாகத் தமிழுக்கு வருங்கால் எல்லாம் ‘காதலித்தேன்’ அல்லது ‘நேசித்தேன்’ என்றாகிவிடுகின்றன. அவளை வேண்டியதும் அவள் கண்களைக் காதலித்ததும் வெவ்வேறு செயல்கள் என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போகிறது. தமிழில் இதற்குச் சொல் இல்லாமலில்லை என்பதே இதில் வருந்தத்தக்கது.

தமிழில் ‘வேண்டு’ என்னும் வினை இரத்தலையும் விரும்புதலையும் ஒருங்கே குறிக்கும். இதன் பெயரெச்சத்தினின்று தோன்றிய ‘வேண்டியவர்’ என்னும் வினையாலணையும் பெயர் நெருக்கமானவர், அன்புக்குரியவர் எனப் பொருள்படுகிறது. ‘அவர் நமக்கு மிகவும் வேண்டியவர்’ என்னும் தொடரில் தேவை என்னும் பொருள் இல்லை. அவரால் நமக்கு யாதொரு பயனும் இல்லாதிருக்கலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரும் வேண்டியவரே. ‘வேண்டாதவர்’ என்பது பகைவரையும் குறிக்கும். கன்னடத்தின் ‘பேகாதவரு’, மலையாளத்தின் ‘வேண்டப்பெட்டவர்’ ஆகியன இவ்வேரினின்றே இதே பொருளில் வழங்குகின்றன. தெலுங்கின் ‘காவலசினவாள்ளு’ வேறு வினையினின்று வந்தது எனினும் ‘வேண்டியவர்கள்’ என்னும் அதே பாதையில் நடந்து உறவினரையும் நெருங்கியவரையும் குறிக்கிறது. பெங்களூரில் தமிழ் பயிற்றுவிப்போர்க்கு இதனை விளக்குவது எளிது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் மாணவர் ‘பேக்கு’, ‘பேட’ என்னும் இரு சொற்களை நாள்தோறும் நூறுமுறை கேட்கின்றனர். அவர்களுள் அயல்மொழியாக ஸ்பானியம் பயில்வோர், ‘கியேரோ’ இரு பொருள் தருவதைக் கண்டு வியப்பதில்லை.

இலத்தீன் வழிவந்த ஒரு மொழியும் திராவிட மொழிகளும் தம்முள் தொடர்பின்றியே தேடுதல், இரத்தல், வேண்டுதல், அன்புசெய்தல் என்னும் ஒரே வழியில் சென்றுள்ளன. தொல்காப்பியத்தின் உரியியலும் இங்கு நினைவுகூரத்தக்கது. ‘வெம்மை’ என்னும் உரிச்சொல்லுக்கு ‘வேண்டல்’ என்பதையே அந்நூல் பொருளாகத் தருகிறது. ‘வெய்யோள்’ என்பது விருப்பத்துக்குரியவளைக் குறித்தது இதனாலேயே. அவ்வியலில் ‘நம்பு’ என்பதற்கும் ‘மேவு’ என்பதற்கும் ‘நசை’, அதாவது விருப்பம், பொருளாகக் கூறப்படுகிறது. இன்று விசுவாசத்துக்கு நாம் வழங்கும் நல்ல தமிழ்ச்சொல் ‘நம்பிக்கை’. அதன் வேர் தொல்காப்பியர் காலத்தில் விரும்புதலையே குறித்தது. ஜெர்மானிய மொழிகளிலும் நம்புதலைக் குறிக்கும் சொல்லும் காதலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின என்பர் மொழிநூலார். ஆகவே சவேரியாருக்கு மொழிபெயர்த்துத் தந்த பெயரறியாத் தமிழர் ‘எனக்கு வேணும்’ என்று சொன்னதை அறியாமை என்று தள்ளிவிட இயலவில்லை. தெய்வத்தோடு தமக்குள்ள உறவை வேண்டுதல், வேண்டிக்கொள்ளுதல் என்னும் சொற்களால் அறிந்த ஒரு சமூகத்தார், ‘கடவுள்பால் நான் நிற்கும் நிலை யாது’ என்ற வினாவுக்குத் தந்த விடை அது என்பது என் ஊகம். சவேரியாரின் திருத்தம் கோட்பாட்டளவில் சரியே. எனினும் திருத்தப்பட்ட தொடர் பொருளற்றதன்று.

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழும். ஸ்பானிய மெய்யியலாளர் ஒசே ஒர்த்தேகா இ காஸெட் (1883–1955) காதலைப் பற்றிய தம் கட்டுரைகளில் விருப்பத்தையும் காதலையும் திட்டவட்டமாகப் பிரிக்கிறார். விருப்பம் நிறைவேறியவுடன் மடிந்துபோகிறது. காதல் நிறைவடைவதே இல்லை. விரும்புபவன் பொருளைத் தன்பால் இழுக்கிறான். காதலிப்பவன் தன்னைவிட்டு வெளியேறி அதன்பால் செல்கிறான். விருப்பம் காதலினின்று பிறக்கலாமேயன்றி, அதுவே காதலாகாது. தம் தாய்மொழியின் அன்றாட வினைச்சொல்லுக்கு எதிராகவே ஒர்த்தேகா இதனை வாதிட வேண்டியிருந்தது என்பது சுவையானது.

தமிழ் அறமரபிலும் இம்மறுப்புக்கு ஆதரவு மிகுதி. திருக்குறளின் கடவுள் வாழ்த்தே இறைவனை விருப்பும் வெறுப்பும் அற்றவன் என்று குறிக்கையில் ‘வேண்டுதல்’ என்னும் சொல்லைத்தான் ஆள்கிறது. அவாவறுத்தல் அதிகாரம் ‘வேண்டாமை’யை ஈடற்ற செல்வமாகக் கொள்கிறது. உலகியலிலும் இதன் தீமை கண்கூடு. ‘வேண்டியவர்’ என்னும் இனிய சொல் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தவுடன் அதன் நிறம் மாறிவிடுகிறது. ‘வேண்டியவர்களுக்கே பதவி’ என்றால் அது குற்றச்சாட்டு. நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை, அமைச்சராகப் பொறுப்பேற்போர் அச்சத்தையும் சார்பையும் மட்டுமன்றி விருப்பையும் வெறுப்பையும் விலக்கிக் கடமையாற்ற உறுதிகூறுமாறு பணிக்கிறது. அன்பையே ஒதுக்கிவைக்கச் சொல்லும் உறுதிமொழி இது. பரிமேலழகர் அன்பையும் அருளையும் பிரித்தமைக்கும் இதுவே அடிப்படை. தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள். வள்ளுவரோ அருளை அன்பு ஈன்ற குழவி என்று உருவகித்தார் (757). வேண்டியவர்மேல் எழும் அன்பு முதலில் இல்லையேல், வேண்டியவர் வேண்டாதவர் என்னும் பாகுபாடற்ற அருளும் பிறக்க வழியில்லை என்று இதனை விரித்துரைக்கலாம்.

எனவே வேண்டுதலை அன்பினின்று முற்றிலும் விலக்குவது முறையன்று என்பதே என் நிலைப்பாடு. வேண்டுதலுக்குள்ளேயே இருவகை உண்டு. அதனைக் காட்டுவது மெய்யியலைக் காட்டிலும் இலக்கணமே.

‘கெரேர்’ வினை விரும்புதலையும் அன்பையும் குறிக்குமாயின், கேட்போர் இரண்டையும் எவ்வாறு பிரித்தறிகின்றனர்? ஸ்பானிய இலக்கணத்தில் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளாக வருங்கால் அப்பெயருக்கு முன் ‘ஆ’ என்னும் இடைச்சொல் வரவேண்டும். ‘கியேரோ ஊனா என்ஃபெர்மேரா’ என்றால் ‘எனக்கு ஒரு செவிலியர் வேண்டும்’ என்பது பொருள். எவராயினும் சரி, பணிக்கு ஓர் ஆள். ‘கியேரோ ஆ ஊனா என்ஃபெர்மேரா’ என்றாலோ ‘நான் ஒரு செவிலியர்மீது அன்புகொண்டிருக்கிறேன்’ என்பது பொருள். ஓரெழுத்து இடைச்சொல் ஒன்று தேவையை அன்பாக்கிவிடுகிறது. பணிக்கு எவரும் பொருந்துவர். அன்புக்கு அவர் ஒருவரே பொருந்துவர். தமிழிலும் ‘தண்ணீர் குடித்தான்’ என அஃறிணையில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கலாம். உயர்திணையில் அது வெளிப்பட்டே வரும் என்பதை எழுத்ததிகாரத்தின் தொகைமரபு குறித்துள்ளது. மனிதரைப் பொருள்போல் கையாளக்கூடாது என்னும் நாணம் இரு மொழிகளின் இலக்கணத்திலும் உறைந்திருக்கிறது.

இதனினும் ஆழமான ஒரு செய்தி உண்டு. இந்த ஸ்பானிய ‘ஆ’, நமது நான்காம் வேற்றுமைக்கு இணையான கொடைப்பொருளைக் குறிக்கும் அதே இடைச்சொல்லே. ‘அவளுக்குக் கொடுத்தேன்’ என்னும்போது வருவது எதுவோ அதுவே ‘அவளை நேசிக்கிறேன்’ என்னும்போதும் வருகிறது. அன்புக்குரியவர் செயப்படுபொருளாக நிற்கும்போதே, கொள்வோராகவும் நிறுத்தப்படுகிறார்.

இவ்விடத்தில் தொல்காப்பிய வேற்றுமையியலைத் திரும்பிப் பார்ப்பது பெரும்பயன் தரும். இரண்டாம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும் நூற்பாவில் ‘காதல்’ இடம்பெறுகிறது. நான்காம் வேற்றுமைக்குரியவற்றை அடுக்கும் நூற்பாவிலும், நட்பு, பகை, சிறப்பு ஆகியவற்றோடு ‘காதல்’ மீண்டும் இடம்பெறுகிறது. இதனைக் கூறியது கூறல் என்று கொள்ளுதற்கில்லை. காதலுக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதை இலக்கணம் கண்டுகொண்ட இடமாகவே இதனைக் கருதலாம். ஒன்று ‘ஐ’, மற்றொன்று ‘கு’. ஒருவரைக் காதலிப்பது ஒன்று. ஒருவருக்குக் காதலராயிருப்பது மற்றொன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, அன்பு என்பது ஒருவருக்கு நன்மையை வேண்டுதல் என்று வரையறுத்தார். இதில் வேண்டப்படும் நன்மை, அந்நன்மை யாருக்காக வேண்டப்படுகிறதோ அவர் என இரண்டு இலக்குகள் உள்ளன என்றும், முன்னதன்மேல் செல்வது ஆசையன்பு, பின்னதன்மேல் செல்வது நட்பன்பு என்றும் பிரித்தார். தொல்காப்பியர் வேற்றுமை உருபுகளில் கண்டதும் அக்குவினாஸ் மனச்செயலில் கண்டதும் வெவ்வேறு நோக்கங்களுக்குரியவை. ஒன்றை மற்றொன்றின் மூலமாகக் காட்டும் ஆய்வுமுறை எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அவை ஒன்றையொன்று விளக்குகின்றன.

இனித் தற்காலத் தமிழ்த் தொடர்களுக்கு வருவோம். ‘எனக்கு நீ வேண்டும்’ என்பதில் நான்காம் வேற்றுமை பேசுவோனிடம் இருக்கிறது, கொள்வோன் நான். எழுவாய் நீ. ‘நீ நன்றாக இருக்க வேண்டும்’ என்பதும் அதே வினைதான். இங்கு ‘எனக்கு’ முற்றாக மறைந்துவிட்டது. வேண்டுபவர் யார் என்று சொல்லப்படவே இல்லை, சொல்லவும் தேவையில்லை. பாட்டி பேரனை வாழ்த்தும்போதும், ஊர்விட்டு ஊர் செல்பவரை வழியனுப்பும்போதும் வருவது இத்தொடரே. ஸ்பானியத்தில் இதற்கு இணையான ‘கியேரோ கே எஸ்தேஸ் பியென்’ என்பதில் ‘நான்’ வினைவிகுதியில் தங்கிவிடுகிறது. ஆனால் ‘நீ இருத்தல்’ என்னும் பகுதி நிகழ்வைக் கூறும் வடிவில் வாராது, விழைவு வடிவில் மாறி வரவேண்டும். நீ நலமாயிருத்தல் என் ஆணைக்கு உட்பட்டதன்று என்பதை வினைவடிவமே ஒப்புக்கொள்கிறது. தமிழ் தன்னை மறைத்துக்கொள்கிறது; ஸ்பானியம் பிறர் செயலைத் தன் பிடியினின்று விடுவிக்கிறது. இரண்டும் அன்பின் ஒழுக்கங்களே.

இருபுறமும் பிள்ளைகளை அழைக்கும் முறையிலும் இது புலப்படும். கரீபியப் பகுதியிலும் இலத்தீன் அமெரிக்காவின் பிற இடங்களிலும் தாயர் தம் சிறுவனைத் தந்தைக்குரிய ‘பாப்பி’ என்னும் சொல்லாலும் சிறுமியைத் தாய்க்குரிய ‘மாமி’ என்னும் சொல்லாலும் அழைப்பதுண்டு. நம் வீடுகளில் மகனை ‘அப்பா’, ‘ஐயா’ என்றும் மகளை ‘அம்மா’ என்றும் அழைப்பது புதிதன்று. சிறியோரைப் பெரியோரின் இடத்தில் வைத்துப் பேசும் இவ்வழக்கு தனி ஆய்வுக்குரியது.

ஒர்த்தேகாவின் மறுப்புக்கு இங்கு விடை கிடைக்கிறது. அவர் மறுத்தது ‘ஐ’ ஏற்ற வேண்டுதலை மட்டுமே. ‘கு’ ஏற்ற வேண்டுதலும் வேண்டுதலே. அது நிறைவேறியதும் மடிவதில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்னும் வேண்டுதல் நீ நன்றாக இருக்கும் நாளிலும் தொடர்கிறது. பக்கச்சார்பு என்னும் குற்றமும் வேண்டுதலால் நேர்வதன்று. ஒருவருக்கு நன்மையை வேண்டுகையில், அது பிறருக்குரிய பங்கினின்று எடுக்கப்படுவதைப் பொருட்படுத்தாமையால் நேர்கிறது.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சியாக முடியாமைக்கு ஒரு காரணம் உண்டு. தன்னை ஏற்காத பெண்ணை ஒருவன் தாக்கினான் அல்லது கொன்றான் என்னும் செய்தி தமிழகத்திலும் பெங்களூரிலும் நாம் படித்துப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. தமிழ் நாளிதழ்கள் இதனை ‘ஒருதலைக் காதல்’ என்று தலைப்பிடுகின்றன. தொல்காப்பிய உரையாசிரியர்கள் கைக்கிளையை ‘ஒருதலைக் காமம்’ என்றே விளக்கினர். ‘அன்பின் ஐந்திணை’ என்னும் தொடரில் உள்ள அன்பு கைக்கிளைக்கு வழங்கப்படவில்லை. இருபாலும் ஒத்துச் செல்லும் வேண்டுதலுக்கே அப்பெயர். சொல்லைத் தேர்வதில் உரையாசிரியர்கள் காட்டிய இந்த எச்சரிக்கையை நாளிதழ்கள் கைவிட்டன. ‘காதல்’ என்று பெயரிட்டவுடன் அக்குற்றத்துக்கு ஒரு பரிவு சேர்ந்துவிடுகிறது. வகுப்பறையில் இளைஞர்கள் இதனைப் பற்றிப் பேசும்போது ‘பாவம், அவ்வளவு ஆசை வைத்திருந்தான்’ என்னும் குரல் எழுவதை ஆசிரியர் பலரும் அறிவர். ‘வன்பினாலே’ என்னும் சொல்லை நீக்கிய சவேரியாரின் திருத்தம் இங்கு வேறொரு பொருளில் நினைவுக்கு வருகிறது. தமிழில் அன்புக்கு எதிர்ச்சொல் வன்பு.

தொல்காப்பிய அகத்திணையியல் கைக்கிளையின் தன்மையை வகுக்கும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது. தலைவி காமம் அமையாத இளமையினள். அவளிடமிருந்து மறுமொழி பெறாமலே, தானே சொல்லி இன்புறுகிறான் அவன். மறுமொழி இல்லாமையே அந்நிலையின் இலக்கணம். அவன் செய்வதும் சொல்லுதல் மட்டுமே. இன்றைய செய்திகளில் வரும் பெண்ணோ மறுமொழி சொல்லியிருக்கிறாள். ‘வேண்டாம்’ என்பது அம்மறுமொழி. ‘வேண்டும்’ என்பதன் எதிர்மறையாகிய அச்சொல்லுக்குத் தமிழில் திணை, பால், எண், இடம் என்னும் வேறுபாடு எதுவும் கிடையாது. யார் யாரிடம் சொன்னாலும் வடிவம் ஒன்றே. அதனைக் கேட்டபின்னும் தொடரும் வேண்டுதலுக்குக் கைக்கிளை என்னும் பெயரும் பொருந்தாது.